ஜானகி அம்மாள்: கற்ற வித்தையும் பெற்ற தொழிலும்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, பெருஞ்சாலையின்மேல், மயிலம் மலைக்குச் செல்லும் வழி பிரியுமிடத்தில் கூட்டேரிப்பட்டு என்னும் ஊர் உளது. அப்பக்கத்துச் சாலைகளிற் செல்வோர் கரும்பு வயல்களையும், வெட்டுக் காலத்தில் முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலையை நோக்கிப் பாரம் ஏற்றிச் செல்லும் வண்டிகளையும் காணாதிரார். கூட்டேரிப்பட்டு போன்ற ஊர்களிலிருந்து வந்து கல்லூரிகளில் தாவர சாஸ்திரம் பயிலும் மாணவர் பலர். அவர்கள் முதற்பட்டம் முடித்து எம்.எஸ்ஸி. வகுப்பிற் சேர விரும்புங்கால் வீட்டார் தவறாது ஒரு வினா எழுப்புவர். செடிகொடிகளைப் படித்தவனுக்கு என்ன உத்தியோகம் கிடைக்கும் என்பதே அது. அவ்வினாவை நாம் இகழோம். காணி நிலத்தின் வருவாயைக் கொண்டு சம்பளம் கட்டுவோர்க்கு அதனைக் கேட்கும் உரிமை முழுதும் உண்டு. ஆயினும், பட்டம் பெற்றவுடன் கைக்கு வரும் உத்தியோகம் ஒன்று. பட்டத்துக்கு உழைத்தபோது கைக்கு வந்த வித்தை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள உறவை விளங்கக் காட்டும் வாழ்க்கை ஒன்றை நம் மாணவர்க்குச் சொல்ல விழைகின்றோம். அது எடவலத்துக் கக்கட்டு ஜானகி அம்மாளின் வாழ்க்கை. இவ்வம்மையார் தம் வாழ்நாளில் ஐந்தாண்டு கரும்பையும் ஆராய்ந்தவராதலின், நம் பக்கத்து உழவர் பிள்ளைகளுக்கு அயலாரும் அல்லர்.

அம்மையார் 1897ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள், அக்காலத்தில் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த மலையாள ஜில்லாவில், தலைச்சேரி நகரிற் பிறந்தார். தந்தையார் திவான் பகதூர் ஈ. கே. கிருஷ்ணன் அந்நகரில் சப் ஜட்ஜாக இருந்தவர். நீதித்துறை வேலையோடு நில்லாமல் பறவைகளையும் மரஞ்செடிகளையும் உற்று நோக்கிக் குறிப்பெழுதும் பழக்கமும், வீட்டைச் சுற்றித் தோட்டம் வளர்க்கும் விருப்பமும் அவர்க்கு இருந்தன. தாயார் தேவி குருவாயி, திருவிதாங்கூரில் ரெசிடெண்டாயிருந்த ஹானிங்டன் துரைக்கும் ஒரு மலையாள மாதுக்கும் மணவுறவின்றிப் பிறந்த மகள். குடும்பம் தீயர் வகுப்பைச் சார்ந்தது. சாதியையும் பிறப்பையும் எடுத்து அளக்கும் சமூகத்தில் இவை யாவும் எத்துணைப் பேச்சுக்கு இடமாகியிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்தறியலாம். பிள்ளைகளோ மிகப் பலர். இரு தாரத்துக்கும் சேர்த்துப் பத்தொன்பதின்மர் என்பர். அத்துணைப் பெரிய வீட்டில் ஒரு பெண்குழந்தை தந்தையின் தோட்டத்தில் தனக்கென ஒரு மூலையைத் தேடிக்கொண்டது வியப்பன்று.

தலைச்சேரியிலுள்ள திரு இருதயக் கன்னிமாடத்துப் பள்ளியில் முதற்கல்வி முடித்து, அம்மையார் சென்னைக்கு வந்தார். அவ்வாண்டுகள் பெண்கல்விக்கு நல்ல ஆண்டுகள். 1914இல் அரசாங்கத்தார் பெண்களுக்கெனத் தொடங்கிய கல்லூரி, 1917இல் ராணி மேரி கல்லூரி என்று பெயர் பெற்றது. 1915இல் பல மிஷன் சங்கங்கள் ஒருங்கு கூடிக் கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரியை நிறுவின. இவ்விரண்டும் சில ஆண்டுகளுக்கு முன் திறக்கப்படாதிருப்பின் நாம் சொல்லும் இவ்வரலாறும் இல்லை. அம்மையார் ராணி மேரி கல்லூரியிற் பயின்று, பின்பு மாநிலக் கல்லூரியில் தாவர சாஸ்திரத்தில் ஆனர்ஸ் வகுப்பிற் சேர்ந்து 1921இல் தேறினார். நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைக் குறித்துப் பெருநூல் எழுதிய ஃபைசன் துரை அந்நாளில் அக்கல்லூரியிற் பணியாற்றி வந்தார். தேறியபின் அம்மையார் மேற்கூறிய கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரியில் ஆசிரியையாக அமர்ந்தார்.

அக்காலத்தில் ஒரு பெண் அடையக்கூடிய வேலைகளில் அது மேலானது. மதிப்புண்டு, மாதச் சம்பளமுண்டு, இருக்க நல்ல இடமும் உண்டு. அவ்வளவில் மனநிறைவு கொண்டு அங்கேயே தங்கியிருந்தால் குறை கூறுவார் இலர். உடன்பிறந்த பெண்கள் ஒருவர்பின் ஒருவராகப் பெற்றோர் பார்த்த வரன்களை மணந்து சென்றனர். தம் முறை வந்தபோது அம்மையார் மணத்தை விடுத்துப் படிப்பைத் தேர்ந்தார். அத்தேர்வுக்குத் துணையாக வந்தது அமெரிக்காவிலிருந்து ஓர் உதவி. மிச்சிகன் சர்வகலாசாலையின் ஆட்சிக்குழுவில் இருந்த லீவை பார்பர் என்னும் செல்வர், ஆசிய நாடுகளிலிருந்து வரும் பெண்கள் உயர்கல்வி பெறும்பொருட்டு 1917இல் ஓர் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தியிருந்தார். அதனைப் பெற்று 1924இல் அம்மையார் கடல் கடந்தார்.

நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் அவரைத் தடுத்து வைத்தனர் என்றும், நீண்ட கூந்தலும் பட்டுச் சேலையுமாக நின்றவரை இந்திய இளவரசி என்று கருதியே விட்டனர் என்றும் அவர் குடும்பத்தார் சொல்வதுண்டு. கதை எவ்வாறாயினும், ஆன் ஆர்பர் நகரில் இறங்கியபின் அவர் செய்த வேலையில் இளவரசிக்குரிய சுகம் ஒன்றும் இல்லை. அதனைச் சற்று விரித்துச் சொல்வோம். ஏனெனில் மேற்பட்டம் என்பது யாது என்று கேட்கும் மாணவர்க்கு இதுவே விடையாகும்.

உயிரணுவின் உட்கருவில் குரோமோசோம் என்னும் நுண்ணிய இழைகள் உண்டு. பெற்றோரின் இயல்புகள் பிள்ளைகட்குச் செல்வது இவற்றின் வாயிலாகவே. ஒவ்வோர் இனத்துக்கும் இவற்றின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒரு நிலையாக இருக்கும். நெல்லுக்கு 24, மக்காச்சோளத்துக்கு 20, மனிதர்க்கு 46. இவற்றை எண்ணுவது எளிதெனத் தோன்றும். செய்து பார்த்தவரே அருமை அறிவர். வளரும் வேரின் நுனியையோ பூவின் மகரந்தப்பையையோ, அணுக்கள் பிளவுபடும் தருணம் பார்த்துக் கொய்து, அந்நிலையிலேயே நிற்குமாறு மருந்து நீரில் இடவேண்டும். பிறகு மெழுகிற் பதித்து, மயிரிழையினும் மெல்லிய தகடுகளாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, காண்பதைக் கையால் வரைதல் வேண்டும். நூறு தகடு சீவினால் நன்றாய்த் தெரிவது இரண்டோ மூன்றோ. கண்ணும் கையும் பொறுமையும் ஒன்றுபட்டாலன்றி இவ்வேலை கூடாது. அம்மையார் ஆன் ஆர்பரில் கற்றது இதுவே.

எம்.எஸ். பட்டம் பெற்றதும் அவர் சென்னைக்குத் திரும்பி, முன்னிருந்த கல்லூரியிலேயே மீண்டும் கற்பித்தார். பட்டத்துக்கும் பட்டத்துக்கும் இடையே வகுப்பறைக்கு மீண்டதை வீண்காலம் என்று நினைப்பாரும் உளர். நாம் அவ்வாறு நினையோம். முதலாண்டு மாணவிக்குப் பூவிதழை விரித்துக் காட்டத் தெரியாதவர் தம் கண்டுபிடிப்பைப் பிறர்க்கு விளக்குவது அரிது. பின்னர் மீண்டும் பார்பர் உதவியோடு மிச்சிகனுக்குச் சென்று, பேராசிரியர் ஹார்லி ஹாரிஸ் பார்ட்லெட்டின்கீழ் ஆராய்ந்து, 1931இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவர சாஸ்திரத்தில் இப்படிப்பட்ட பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி இவரே என்று கருதப்படுகிறது. அப்போது அவர்க்கு வயது முப்பத்து மூன்று.

அவர் ஆராய்ந்த செடி யாது தெரியுமோ? நிகாண்ட்ரா என்பது, பெரு நாட்டைத் தாயகமாக உடையது, நம் கத்தரி, தக்காளி, ஊமத்தையின் குடும்பத்தில் ஒன்று, வெளிறிய நீலப்பூப் பூப்பது. உண்பதற்கும் உதவாது, விற்பதற்கும் உதவாது. உத்தியோகத்தை எண்ணிப் பொருள் தேர்பவர் எவரும் அதனைத் தீண்டார். இச்செடியை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம். மறுபடி அதனைச் சந்திப்போம்.

நாடு திரும்பிய அம்மையார் 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரத்தில் மகாராஜா சயன்ஸ் கல்லூரியில் தாவர சாஸ்திரப் பேராசிரியராயிருந்தார். 1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் மரபியல் அறிஞராக அமர்ந்தார்.

இங்கே கரும்பின் கதையைச் சிறிது கூறாவிடில் அவர் பணியின் அருமை விளங்காது. பருத்து, மென்மையாய், சாறு மிகுந்த கரும்பு நோய்க்கும் வறட்சிக்கும் எளிதில் இரையாவது. ஆற்றங்கரைகளில் வெண்பூத் தாங்கி நிற்கும் நாணலோ மெலிந்தது, இனிப்பற்றது. ஆயின் எதற்கும் அசையாதது. இரண்டும் நெருங்கிய உறவினம். இரண்டையும் மணம் புணர்த்தி, ஒன்றன் இனிமையையும் மற்றொன்றன் உரத்தையும் ஒரே பயிரில் சேர்க்க முயன்றவர் பார்பர் துரையும் டி. எஸ். வெங்கட்ராமனும் ஆவர். (இந்தப் பார்பர் வேறு, உபகாரச் சம்பளம் தந்த பார்பர் வேறு.) வடநாட்டில் கரும்பு பூத்து நல்ல விதை கட்டுவது அரிது, கோயம்புத்தூரில் அது கைகூடுவதால் 1912இல் நிலையம் அங்கு அமைந்தது. 1918இல் கோ 205 என்னும் முதற் கலப்புக் கரும்பு வெளிவந்தது.

இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவர் ஜானகி அம்மாளே என்று பத்திரிகைகளில் எழுதுவாருண்டு. அது முற்றும் பொருந்தாது. கோ 205 வெளிவந்தபோது அவர் சென்னையில் மாணவி. இல்லாத புகழை ஏற்றுவது உள்ள புகழை மறைக்கும். அவர் செய்தது வேறு. கலப்புகள் ஏன் கைகூடுகின்றன, ஏன் பொய்க்கின்றன என்பதை, அணுவின் உள்ளே பார்த்துச் சொல்லும் வேலை அவருடையது. இனிப்புக் கரும்புக்குக் குரோமோசோம் 80. கோயம்புத்தூர் நாணலுக்கு 64. பாதிக்குப் பாதி கூட்டினால் 72 வரவேண்டும். கோ 205இலோ 112 உள. தாய்க் கரும்பு தன் எண்பதையும் முழுதாய்க் கொடுக்க, நாணல் தன் பாதியாகிய முப்பத்திரண்டைக் கொடுக்கின்றது. இத்தகைய விந்தையான கணக்குள்ள பயிரில் கண்மூடிக் கலப்பதைவிடக் கண்திறந்து கலப்பது நன்றன்றோ? அம்மையார் நாணலின் பலவகைகளை நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்தவற்றோடு ஒப்பிட்டு, அதன் பிறப்பிடம் இந்தியாவே என்னும் கருத்துக்கு வந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும், சோளத்தோடும், தர்ப்பைப் புல்லோடும் கலந்த கலப்பினங்களை ஆராய்ந்தார். கரும்பும் மக்காச்சோளமும் கலந்த செய்தி 1938இல் லண்டன் நேச்சர் பத்திரிகையில் வெளியாயிற்று. 1935இலேயே, ஸர் சி. வி. ராமன் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகம் அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது.

எனினும் கோயம்புத்தூர் வாழ்க்கை இனிதாயிருந்ததென்று சொல்வதற்கில்லை. மணமாகாத தனிப்பெண்; மேற்சாதியிற் பிறவாதவர்; ஆடவரே நிறைந்த இடத்தில் அவரினும் மிகக் கற்றவர். இம்மூன்றும் சேர்ந்த இடத்தில் மனக்கசப்பு விளைதல் இயல்பு. 1939 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரிற் கூடிய உலக மரபியல் மகாநாட்டுக்கு அம்மையார் சென்றார். மகாநாடு முடியுமுன்பே போர் மேகம் சூழ்ந்தது. செப்டம்பர் 3ஆம் நாள் பிரிட்டன் போரில் இறங்கிற்று. அம்மையார் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். சில நாட்களுக்கென்று போனவர் பன்னிரண்டு ஆண்டு அங்கே கழிக்க நேர்ந்தது.

நாற்பத்திரண்டு வயதில், அந்நிய நாட்டில், போர்க்காலத்தில், வேலையற்று நின்ற ஒரு பெண்ணுக்கு எது சோறு போட்டது? ஆன் ஆர்பரிற் பழகிய அந்தக் கைத்தொழிலேதான். லண்டனை அடுத்த மெர்ட்டனில் ஜான் இன்னெஸ் தோட்டக்கலை நிலையத்தில், குரோமோசோம் ஆராய்ச்சியில் பெரும்பெயர் பெற்ற ஸி. டி. டார்லிங்டனோடு 1940இல் உதவி அறிஞராகச் சேர்ந்தார். திருவனந்தபுரத்தில் பேராசிரியராயிருந்தவர் இங்கே உதவியாளர். அதனை இழிவாக அவர் கருதினாரில்லை. இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வாராம். விடிந்ததும் உடைந்த கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு உருப்பெருக்கியின்முன் அமர்வாராம். 1945இல் இருவரும் சேர்ந்து எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை நூல் வெளிவந்தது. உலகத்தில் மனிதர் வளர்க்கும் ஆயிரக்கணக்கான தாவரங்களின் எண்ணிக்கை ஒரே நூலிற் கிடைத்ததால், பயிர் வளர்ப்போர்க்கும் கலப்போர்க்கும் அது கைவிளக்காயிற்று.

அதே 1945இல் வேறொரு கட்டுரையும் அவ்விருவர் பெயரால் வந்தது. அது நிகாண்ட்ராவைப் பற்றியது! அச்செடியில் வழக்கமான இழைகளோடு கூடிய சிறு குரோமோசோம் ஒன்று, விதை எப்பொழுது முளைப்பது என்பதையே மாற்றுகின்றதென அக்கட்டுரை காட்டிற்று. சில விதை உடனே முளைக்கும். சில மண்ணில் காத்துக் கிடக்கும். மழை ஏமாற்றிய ஆண்டில் ஒரு பங்கு பிழைக்குமன்றோ? ஒருவருக்கும் உதவாதெனத் தோன்றிய மாணவக் காலத்துச் செடி, பதினான்கு ஆண்டு கழிந்து இவ்வாறு பேசியது.

போர் முடிந்தபின் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தார் தம் விஸ்லித் தோட்டத்துக்கு அவரை அழைத்துக்கொண்டனர். அங்கே அவர் ஆராய்ந்தவை அழகுச் செடிகள். கோல்சிசின் என்னும் நஞ்சைச் சிறிதளவு இளங்குருத்திலிட்டால் அணு பிளவுபடாமல் நிற்கக் குரோமோசோம் மட்டும் இரட்டிக்கும். இலையும் பூவும் தடித்துப் பெருக்கும். (நம் வேலிகளிற் படரும் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ளது இந்நஞ்சே.) அம்மையார் மக்னோலியா நாற்றுகளில் இதனைச் செய்து பார்த்தார். அவ்வாறு தோன்றிய வெண்பூ மக்னோலியா ஒன்று அவர் பெயரையே தாங்கி வழங்குகின்றது. அவர் நடுவித்த மக்னோலியா மரங்கள் விஸ்லியின் குன்றொன்றில் பிற்காலத்தும் பூத்து வந்தன.

1951இல் பண்டித ஜவாஹர்லால் நேருவின் அழைப்பை ஏற்று அம்மையார் தாயகம் திரும்பினார். 1890இல் வெள்ளையர் ஆட்சியில் ஏற்பட்டுப் பின்னர் நலிந்திருந்த இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் தனி அதிகாரியாக 1952இல் நியமனம் பெற்றார். அத்துறை 1954இல் புதுப்பிக்கப்பட்டது. அலகாபாத்தில் மத்தியத் தாவர ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமை தாங்கினார். நம் நாட்டுச் செடிகளின் சிறந்த மாதிரிகள் அந்நிய நாட்டு நிலையங்களிற் கிடக்க, நாமே அவற்றைக் காணக் கடல் கடக்க நேர்வது அவர் மனத்தை வருத்திற்று.

அதனினும் பெருவருத்தம் ஒன்று இக்காலத்தில் நேர்ந்தது. அஸ்ஸாமில் ஓரினத்து மக்னோலியா மரம் அப்பகுதியில் ஒன்றே ஒன்று எஞ்சியுள்ளதெனக் கேட்டு, ஷில்லாங்கிலிருந்து முப்பத்தேழு மைல் சென்றார். சென்று பார்த்தபோது அது எரிந்து கிடந்தது. உணவுப் பெருக்க இயக்கத்தின் பேரால் காடுகள் அழிக்கப்பட்ட காலம் அது. புதிய செடிகளைப் படைப்பதில் இருபதாண்டு கழித்தவர், பழைய செடிகளைக் காப்பதில் மனம் வைக்கத் தொடங்கியதற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணம் என்று நாம் கருதுகின்றோம். 1955இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில், மனிதன் பூமியின் முகத்தை மாற்றிய வகையைப் பற்றி அறிஞர் கூடி ஆராய்ந்த அவையில் அவரும் கலந்துகொண்டு, இந்தியப் பழங்குடி மக்களின் பயிர்த்தொழிலையும் தாவர அறிவையும் எடுத்துரைத்தார். அழைக்கப்பட்டவருள் பெண் அவரொருவரே. மிச்சிகன் சர்வகலாசாலை கௌரவப் பட்டமும் அளித்தது. பின்னர் ஜம்முவிலும் டிராம்பேயிலும் பணி செய்தார். 1977இல் பத்மஸ்ரீ விருது வந்தது.

பதவிகளை வரிசையாகச் சொல்லிவந்ததால் ஓருண்மை மறைந்துவிடலாகாது. அவற்றுள் எதுவும் நெடுங்காலம் நிலைத்ததன்று. இரண்டாண்டு, ஐந்தாண்டு, ஆறாண்டு என ஊர்தோறும் பெட்டி கட்டியவர் அவர். சென்ற இடந்தோறும் பயிர் மாறிற்று. கரும்பு போய் மக்னோலியா, அதுபோய் மருந்துச்செடி. மாறாதது அந்தத் தகடும் சாயமும் எண்ணும் கண்ணுமே. எந்தத் தலைப்பில் ஆராய்ந்தால் வேலை கிடைக்கும் என்று நம்மை வந்து கேட்கும் எம்.எஸ்ஸி. மாணவர்க்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: தலைப்பு நாளை மாறும், ஆய்வுக்கூடத்தில் கை எதனைத் திருத்தமாகச் செய்யக் கற்றது என்பதைப் பாருங்கள். தேர்வுகளுக்குப் படிக்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நெட் தேர்வும் வேண்டும், வன அதிகாரித் தேர்வும் வேண்டும். ஆனால் அவை வாயில் திறப்பன. உள்ளே போனபின் செய்யும் வேலை வேறு.

1970இல் அம்மையார் சென்னைக்கே வந்து சேர்ந்தார். சர்வகலாசாலையின் தாவர சாஸ்திர உயராய்வு மையத்தைச் சார்ந்த மதுரவாயல் ஆய்வுக்களத்தில் தங்கினார். எழுபது கடந்த வயதிலும் மருந்துச்செடிகளைப் பயிரிட்டு அவற்றின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டே இருந்தார். சூழப் பூனைகளும் வளர்த்தார். அந்நாட்களில் கேரளத்தில் குந்திப்புழையாற்றின் குறுக்கே நீர்மின் அணை கட்டும் திட்டம் எழுந்தது. அணை வந்தால் அமைதிப் பள்ளத்தாக்கு என்னும் பழங்காடு மூழ்கும். தம் பிறந்த நாட்டுக் காடாகிய அதனைக் காக்கும் கிளர்ச்சியில் முதுமையையும் பொருட்படுத்தாது அம்மையார் சேர்ந்தார். அங்குள்ள மரங்களின் குரோமோசோம்களை ஆராய்ந்து பதிவுசெய்யும் முயற்சியையும் மேற்கொண்டார். காடு மூழ்கினாலும் கணக்காவது மிஞ்சட்டும் என்னும் எண்ணம் போலும்.

1984ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7ஆம் நாள், தமது எண்பத்தாறாம் வயதில், மதுரவாயலில் வேலை செய்துகொண்டிருந்த நிலையிலேயே அம்மையார் உயிர் நீத்தார். அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் அணைத் திட்டம் கைவிடப்பட்ட அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவென்று அறிவிக்கப்பட்டது.